பன்றிப் பண்ணை இன்ஜின்

அன்பு மகன் இமெதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் அறைத் தோழர்களும் சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை எனக்குக் கை வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து “நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு” என்று என் முழங்கையை இடிக்கிறார். அதனால்தான் போலந்துக்குக் கிளம்பும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

பட்டாளம் கழித்துவிட்டதை நாம் வாங்கிய லாரியின் பழைய பெட்ரோல் இன்ஜின் போன வசந்தத்தில் செத்தது உனக்குத் தெரியும். டீசல் இன்ஜின் போடலாம் என்று முடிவானதும் தெரியும். பன்றிப் பண்ணையில் நின்ற லாரி, நம் வண்டியைச் செய்த அதே தொழிற்சாலையின் பிந்தைய டீசல் வண்டி, அதன் இன்ஜினை எடுங்கள் என்று நீதான் சொன்னாய். நம் கியர்பாக்ஸில் அப்படியே உட்காரும், பிரேக்குக்குக் காற்றை இழுக்கிற வேக்குவம் பம்பும் அதிலேயே இருக்கிறது, பெட்ரோல் இன்ஜின் தானே காற்றை இழுத்துப் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும், டீசல் கொடுக்காது, பம்பு இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். உன் அப்பாவும் போய்ப் பார்த்தார், ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார், வீட்டுக்கு வந்து கல்யாணப் பெண்ணைப் பார்த்து வந்தவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

உன் பெரியப்பா ஓத்தார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த வருஷம் மலைக்கோயில் திருவிழாவுக்குப் பீர் காய்ச்சுவது நம் வீட்டு முறை, பார்லியும் அண்டாவும் நம் வண்டியில்தான் மலையேற வேண்டும். “பன்னி சுமந்த இன்ஜினோட சாமி தானியத்தைக் கொண்டுபோவியாடா அலூதா? மலைக்குப் பன்னிக்கறி வாசம்கூட ஏறக்கூடாதுன்னு பிறந்த பிள்ளைக்கும் தெரியும்” என்று உன் அப்பாவிடம் பாய்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “இரும்பு டீசலைத்தானே குடிச்சுது, பன்னியையா தின்னுச்சு? நீங்க இங்க கீழே குளிர்காலத்துல கின்காலிக் கொழுக்கட்டைக்குள்ள பன்னிக்கறியை வச்சு முப்பது முழுங்குறீங்களே, அந்த வயிறு கணவாய் தாண்டும்போது எங்க போகுது?” என்று கேட்டேன். “பொம்பளை கோயில் பக்கமே வரக்கூடாது, கோயில் பேச்சுக்கு மட்டும் வந்துட்டா” என்றார் பெரியப்பா. உன் அப்பா என்னைத்தான் உள்ளே போகச் சொன்னார். மறுநாள் “எனக்கே மனசு ஒப்பல நுனு” என்றார். பொய். அவருக்கு அண்ணன் முகம் சுளித்தால் தாங்காது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு டிராக்டர் இன்ஜினைப் பிடித்து வந்து மாட்டினார்கள். சுத்தமான இன்ஜினாம், கோதுமை வயலைத் தவிர ஒன்றையும் அறியாததாம். பம்பு மட்டும் இல்லை. தனியாக வாங்கிப் போட நாளாகும், திருவிழா காத்திருக்காது. நீ போனில் கத்தியது எனக்கும் கேட்டது. பெரியப்பா போனை வாங்கி, “கால்ல பலம் இருக்கறவனுக்குப் பம்பு எதுக்கு?” என்றாரே, அந்தப் பேச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மலைக்கு ஏறும்போது பிரேக்கா வேண்டும், ஏறிவிட்டார்கள். பீர் பொங்கியது, குடித்தார்கள், உன் அப்பாவைத் தோளில் தட்டிப் பாராட்டினார்கள்.

இறங்கும்போதுதான் வினை வந்தது. வண்டி நிறைய ஊர்ச்சனம் மலையில் செய்து ஆட்டுத்தோல் பையில் அடைத்த சீஸ், கணவாய்க்குக் கீழே அந்த வளைவுகள், ரெண்டு காலையும் சேர்த்து மிதித்தும் பிரேக் மிதி கல்லாக இறுகி, வண்டி நிற்கவே இல்லையாம். உன் அப்பா பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் திருப்பி மண்மேட்டில் மோதினார். வலது முழங்கால் நொறுங்கியது. தெலாவி ஆஸ்பத்திரியில் தகடு வைத்திருக்கிறார்கள், மடக்க முடியாது, இனி மடங்கவும் மடங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். கால் விரல் பிசகிவிட்டது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் கதை. சாமி காப்பாற்றியது என்கிறார் உன் அப்பா. மண்மேடு காப்பாற்றியது என்கிறேன் நான்.

கேட்டுக்கொள், இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தப் பன்றிப் பண்ணை இன்ஜினைக் கீழூர் வாஷா வாங்கித் தன் பட்டாள வண்டியில் போட்டுவிட்டான். பம்போடு, பிரேக்கோடு, ஜம்மென்று ஓடுகிறது. மிச்சச் சீஸ் முழுக்க இப்போது அவன்தான் இறக்குகிறான். உன் பெரியப்பா அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நடுவில் இருக்கிற இன்ஜின் மூடிமேல் ரொட்டியைச் சூடு பண்ணித் தின்றுகொண்டு மலையிலிருந்து இறங்கினாராம். நான் வீதியிலேயே மறித்து, இப்போது தீட்டு இல்லையா என்று கேட்டேன். “அது அவன் வண்டி, நம்ம வண்டியா?” என்று வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். உன் அப்பா ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம், இருந்தும் அன்று அவருக்காகத்தான் அழுதேன்.

இப்போது, உனக்குக் கடிதம் என்றதும் அவர் எழுதச் சொன்னது. லாரியை மண்மேட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம், முகப்புத் தகரம் மட்டும்தான் வளைந்திருக்கிறதாம், நீ வசந்தத்தில் ஒரு பம்போடு வந்து சேர வேண்டுமாம், ஊரில் சொல்லிவிட்டாராம், இனி வண்டி உன்னுடையதாம். சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், என் கடமை தீர்ந்தது. நான் சொல்வது, வராதே. இந்த ஊர் உன்னையும் தோளில் தட்டி மேலே ஏற்றிவிடும், இறங்கும்போது உன்னோடு யாரும் இருக்க மாட்டார்கள். பம்பை மட்டும் அனுப்பலாம் என்றும் நினைக்காதே, அது கைக்கு வந்த அன்றே மடங்காத காலோடு உன் அப்பா ஏறி உட்கார்ந்துவிடுவார்.

கழுத்தை மூடாமல் வேலைக்குப் போகாதே, அங்கே குளிர் ஈரக்குளிர் என்கிறார்கள். நீ போகிற வழியெல்லாம் உனக்கு மேடில்லாமல் இருக்கட்டும், உன் கை தொட்டது கெடாமல் இருக்கட்டும், என் ஆயுசும் உனக்கே சேரட்டும். ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பா முதலில் பம்பைத்தான் கேட்பார். நீ வேலை செய்கிற பஸ் பணிமனையில் அலமாரி நிறைய இருந்தாலும் சரி, எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்.

உன் அம்மா,
நுனு
அல்வானி