உன் இடது கையின் நிறம்

நேற்று காலை கடையைத் திறந்து பெருக்கிக்கூட முடிக்கவில்லை, கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையில் சோப்பு டப்பா அளவில் வெள்ளி நிறத்தில் பழைய டிஜிட்டல் கேமரா. ஒரு காலத்தில் சுற்றுலா போகிறவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, அதே வகை. "அக்கா, இதுல இருக்குற ஃபோட்டோ எல்லாம் ஃபோனுக்கு மாத்திக் குடுப்பீங்களா?" என்றாள். கார்டைச் செருகிப் படங்களைத் திறந்தேன். வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் நான்கு தோழிகள், பின்னால் மலை. அவ்வளவுதான் படம். ஆனால் மாநிறம் மாநிறமாக இருந்தது, கறுப்பு கறுப்பாக இருந்தது. மலை, மழை விட்ட மறுநாள் இருக்குமே, அந்தப் பழுப்பில் இருந்தது. "இது சிசிடி சென்சார் அக்கா. இந்த லுக் ஃபோன்ல வரவே வராது" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எதையோ தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். இதே வார்த்தைகளைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே கடையில் நீ சொன்னாய். நான் சிரித்தேன். நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு ஆல்பத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன், டீ வாங்கிவந்து ஆறவிடுகிறேன். நீ போய் ஒன்பது மாதமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வைத்திருக்கிறேன்.

செங்கம் சாலையில் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் உன் சிசிடி கேமராவை வாங்கி வந்தாய். பத்து மெகாபிக்சல். அப்போதே அது பழசு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடை வைத்த புதிது. நீ படம் எடுப்பாய், நான் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பம் செய்வேன். "பழைய இரும்புக்காரன்கூட இதை எடுக்க மாட்டான்டி" என்றேன். நீ கோபித்துக்கொள்ளாமல் அதன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சென்சார் என்ற அந்தச் சின்னச் சில்லுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? கடைக்கென்று நான் வாங்கிய புதுக் கேமராவில் சிமாஸ் என்ற புது வகைச் சென்சார். இருட்டு மண்டபத்தையும் பகலாக்கிவிடும். உன்னுடைய சிசிடியில் வெளிச்சம் கொஞ்சம் கம்மியானாலும் படம் முழுக்க ரவை தூவியதுபோலப் புள்ளி விழும். ஆனால் காலை வெயிலில் நடக்கும் மஞ்சள் நீராட்டு விழாவில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெண்ணின் கன்னத்து மஞ்சளும் புடவையின் சரிகையும் என் கேமராவில் ஒன்றாகிவிடும். உன்னுடையதில் அது வேறு, இது வேறு. குங்குமம் குங்குமமாகவே இருக்கும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "சிசிடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சென்சார் மேல ஒட்டியிருக்குற கலர் ஃபில்டர்தான் காரணம்" என்று எங்கோ படித்ததை எடுத்துவிடுவேன். "எதுவோ ஒண்ணுடி. எனக்கு மூஞ்சி மூஞ்சியா வரணும்" என்பாய்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு நாள்தான் காட்டினாய். உன் கல்யாண ஆல்பத்தைக் கடைக்குக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாய். யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் உன் முகத்தைப் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தார். "எல்லாரும் வந்திருக்காங்க பாரு. என் கல்யாணத்துக்கு நான் மட்டும் வரல" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் எனக்கு முன்பே நிறுத்திவிட்டாய்.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. கம்ப்யூட்டரில் 'கல்யாணம் 2' என்று பெயர் வைத்து ஒரு பொத்தான் வைத்திருந்தேனே, ஒரு தட்டுத் தட்டினால் படத்தில் இருக்கும் எல்லோரும் இரண்டு படி வெளுப்பார்கள். கேட்கிறார்கள், செய்கிறேன் என்பது என் நியாயம். "கேக்கலன்னாலும் பண்றியேடி" என்பாய். நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன நீ நாலாம் நாள் இல்லை. அன்று காலை உன் தம்பி ஃபோனில் அழுதான். "அக்கா, பேனருக்கு ஒரு ஃபோட்டோ ரெடி பண்ணிடுங்கக்கா. உடனே வேணும்னு சொல்றாங்க." ஊரையே எடுத்த உனக்கு ஒரு நல்ல படம் இல்லை. என் ஃபோனில் நாம் எடுத்துக்கொண்ட செல்ஃபி ஒன்று இருந்தது. ஃபோனே உன் முகத்தைப் பாதி மெழுகி வைத்திருந்தது. உன்னைத் தனியாக வெட்டி எடுத்தேன், பின்னணியை மாற்றினேன். கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் தன் பழக்கத்தை மறக்காமல் 'கல்யாணம் 2'ஐத் தட்டியிருக்கிறது. அனுப்பியும் விட்டேன். உங்கள் தெருமுனையில் கட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே, கல்யாண ஆல்பத்தில் இருந்த அதே பெண்.

உன் அம்மா அந்த பேனரைத் தடவினார். "இந்தக் கலரு இருந்திருந்தா எம் பொண்ண அத்தினி பேரு வேணாம்னு சொல்லியிருப்பாங்களா" என்று அழுதார். உன் மகள் தாரணி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து வயது, உன் நிறம் அப்படியே. பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "இது அம்மா இல்ல சித்தி. வேற யாரோ."

எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. இவளுக்கு இவள் அம்மா முகத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். கடையிலிருந்த ஹார்டு டிஸ்க் ஒன்று விடாமல் தேடினேன். நீ எடுத்த ஆயிரக்கணக்கான முகங்கள், நீ இல்லை. சொந்தக்காரர்களின் ஃபோன்களிலெல்லாம் வெள்ளையடித்த நீதான் இருந்தாய்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் கேமரா பையைக் கொண்டுவந்து கொடுத்தார். சிசிடி கேமராவுக்குள் கார்டு அப்படியே இருந்தது. நீ கடைசியாகப் போன வளைகாப்பு. என்னிடம் வந்து சேராத படங்கள். திறந்ததும் முதல் படம், உன் இடது கை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நீ முதலில் எடுப்பது அதைத்தானே. இருக்கிற வெளிச்சத்தில் இடது கையை நீட்டி, வலது கையால் ஒரு கிளிக். "என் கை சரியா வந்தா எல்லாரும் சரியா வருவாங்க." தோசைக்கல் சுட்ட தழும்பு, மணிக்கட்டில் மாட்டிய ரப்பர் பேண்ட், நகத்தோரம் போகாத மருதாணி. அந்தக் கறுப்பில் காலை வெளிச்சம் விழுந்து லேசாகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை என் கேமரா ஒருநாளும் எடுத்ததில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், சில்லோ ஃபில்டரோ, நீ சொன்னதுதான் சரி.

கையின் நிறத்தை வைத்து அந்த செல்ஃபியைத் திருத்த உட்கார்ந்தேன். நெற்றி வந்தால் கன்னம் வராது, கன்னம் வந்தால் உதடு போய்விடும். இரண்டு வாரம் வேறு எதையும் தொடவில்லை. ஒருவழியாக அச்சுப் போட்டேன். நிறத்தை ஒத்துப்பார்க்கப் போட்ட கைப் படத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன்.

தாரணி உன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "பரவால்ல சித்தி" என்றாள், என் மனம் நோகக் கூடாதென்று. அடுத்து கைப் படத்தை எடுத்தாள். தரையில் வைத்து, தன் இடது கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தாள். "இதுதான் அம்மா. இதை நான் வெச்சிக்கட்டுமா?" தலையாட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் இருக்கா சித்தி? அம்மா எங்க போனாலும் எடுப்பாங்களே."

"இல்லடா கண்ணு, இது ஒண்ணுதான்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

'கல்யாணம் 2' இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தட்டுகிறேன், கேட்காதவர்களுக்குத் தட்டுவதில்லை. அது உனக்குப் போதாது என்று தெரியும். என்னை உட்காரவிடாமல் செய்வது அதுவும் இல்லை. தாரணி வளர்ந்து ஒருநாள் வந்து கேட்பாள், மற்ற கைப் படங்கள் எல்லாம் எங்கே போயின என்று. அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்கிறேன். எத்தனை வளைகாப்பு, எத்தனை நிச்சயதார்த்தம். நீ கார்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் நான் செய்த முதல் வேலை, வேஸ்ட் என்று உன் கை இருந்த அந்த முதல் படத்தை அழித்ததுதான். பன்னிரண்டு வருடங்கள், ஒன்றுவிடாமல்.