யாரும் வாங்க வராத தூக்குச்சட்டி

அப்பா,

அடுப்படி அலமாரியை இன்று காலை துடைத்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு வட்டக் கறை இருக்கிறது. ஒன்பது வருடம் ஒரே இடத்தில் ஒரு தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்த அடையாளம். சட்டி இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வாரமாகிறது. கறை போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏடி, வெரசா வா. டிவியில ஹெலிகாப்டர் காட்டுறாக."

எங்கோ வடக்கே வெள்ளம். மொட்டைமாடியில் நின்ற ஒரு குடும்பத்தைக் கயிறு விட்டுத் தூக்கினார்கள். செய்தி வாசித்த பெண்ணின் குரல் தழுதழுத்தது. கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. அம்மா டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கயிற்றில் தொங்கியவரின் இடுப்பைப் பார்த்தேன். அங்கே எதுவும் கட்டியிருக்கவில்லை.

நீங்கள் கட்டியிருந்தீர்கள். பதினாலு தூக்குச்சட்டிகள்.

நீங்கள் ஜீப் ஓட்டிய காலத்தில் உங்கள் காக்கிச் சட்டையில் எப்போதும் பச்சை ஏலக்காய் வாசம் இருக்கும். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவீர்கள். கேரளத்துப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவீர்கள். விடுமுறை நாட்களில் நானும் முன்சீட்டில் வருவேன். மலையடிவாரத்தில் ஓடையைக் கடக்கிற தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்துவீர்கள். செருப்பைக் கழற்றிப் போட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பாலத்தின் நடுவரைக்கும் நடந்து போவீர்கள். தண்ணீர் கெண்டைக்காலுக்குக் கீழே இருந்தால் திரும்பி வந்து வண்டியை எடுப்பீர்கள். அதற்கு மேலே என்றால் எத்தனை நேரமானாலும் கரையில்தான். பின்னால் பெண்கள் முணுமுணுப்பார்கள். நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். என்னிடம் மட்டும் சொல்வீர்கள்.

"சீட்டுல உக்காந்துக்கிட்டுத் தண்ணிய அளக்கக் கூடாது பாப்பா. காலு நனையணும்."

அதனால்தான் நான் பத்தாம் வகுப்பு படித்த அந்த ஐப்பசியில், உங்கள் ஜீப் அதே பாலத்தில் சிக்கிக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பயத்துக்கு முன்னால் வேறு ஒன்று தோன்றியது. எப்படி?

சாயங்காலம் திரும்பி வரும்போது நடுப்பாலத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. பாலத்தை ஒட்டி ஓடைக்குள் இருக்கிற பெரிய பாறைமேல் வண்டியில் இருந்த பதினாலு பெண்களையும் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு நீங்களும் ஏறினீர்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப் உருண்டு போனது. இரண்டு கரையிலிருந்தும் யாராலும் நெருங்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

அந்தக் காலையைத்தான் நம் ஊர் இன்றுவரை கொண்டாடுகிறது. கோம்பையிலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் டிராக்டர் டிராக்டராகச் சனம் வந்து கரையில் நின்றது. ஒருவர் அவித்த கடலை விற்றார். கோம்பை என்ற ஊர்ப்பெயரையே சுமக்கிற வேட்டை நாய்கள் அந்தச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, ஒவ்வொரு பெண்ணாக இடுப்பில் வார் மாட்டி மேலே அனுப்பினார். ஒவ்வொருத்தி மேலே போகும்போதும் கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஏலே, அந்தக் காத்துல வாழையெல்லாம் சாயுதுடா."

"சாயட்டும்டா. சாமியே எறங்கி வந்திருக்கு, வாழையப் பாக்குற."

இரண்டாவதாகப் பேசியவர்தான் அந்த வாழைக்குச் சொந்தக்காரர்.

கடைசியாக நீங்கள். பெண்கள் பாறையில் விட்டுப்போன தூக்குச்சட்டிகளை எல்லாம் துண்டில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தீர்கள். அவற்றைப் போட்டுவிட்டு வரும்படி அந்த வீரர் கையைக் காட்டினார். பாஷை புரியாதது போல நின்றீர்கள். அப்படியே மேலே போனீர்கள். வெயிலில் சட்டிகள் மின்னின. அவை கலகலவென்று மோதிய சத்தத்தைக் கேட்டதாக இன்றும் பலர் சொல்கிறார்கள். ஹெலிகாப்டர் இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. நானும் அங்கேதான் நின்றேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் உங்களை இறக்கினார்கள். மாலை, விபூதி, திராட்சைக் கூடை. ஒரு பெரியவர் ஹெலிகாப்டரின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கயிற்றில் இறங்கிய வீரருக்கு என் கண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். உள்ளங்கை உரிந்திருந்தது. யாரோ திணித்த வாழைச்சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். தலைமையாசிரியர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"வண்டி எப்படித் தண்ணிக்குள்ள போச்சுன்னு கேக்குறாரு."

நீங்கள் குனிந்து துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் விரல்கள் நின்றதை நான் பார்த்தேன். நிமிர்ந்து, உங்கள் கழுத்தில் யாரோ போட்டிருந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டீர்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கேட்ட கேள்வி அந்தப் பூவுக்கு அடியில் போய்விட்டது.

அந்த மைதானத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள், நாங்கள் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்த ஆள்தான்.

அதற்குப் பிறகு நான் கைதட்டலை நம்பியதில்லை. வருவாய்த்துறைக்காரர் வந்து 'எதிர்பாராத வெள்ளம்' என்று எழுதிக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தத்தில் 'ஹெலிகாப்டர் டீக்கடை' என்று ஒன்று வந்தது. அம்மா செய்தித்தாள் படத்தை வெட்டி, கண்ணாடித் தாள் ஒட்டி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, ஹெலிகாப்டரின் மூக்கில் சந்தனப் பொட்டு வைத்தாள். யாரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நீங்கள், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த வீரர்களைப் புகழ்ந்துகொண்டே இருந்தீர்கள். தண்ணீரைப் பற்றி யார் கேட்டாலும் கயிற்றைப் பற்றிப் பதில் சொன்னீர்கள்.

ஒரு வாரம் கழித்து நான் கேட்டேன். "அன்னைக்கு எறங்கிப் பாத்தீங்களாப்பா?"

"அந்தப் பிள்ளை கையில தோலே இல்ல, தெரியுமா? அம்புட்டுப் பேரைத் தூக்கியிருக்கான்" என்றீர்கள்.

அன்றே எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். நீங்கள் இறங்கவில்லை. அவசரத்தில் சீட்டிலிருந்தே அளந்துவிட்டீர்கள். பதினாலு பேரின் உயிரோடு விளையாடிவிட்டு, ஹெலிகாப்டரின் புகழுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். நீங்கள் பிறகு ஸ்டியரிங்கையே தொடாமல், தேங்காய்க் கமிஷன் கடையில் மூட்டை பார்க்கப் போனது எனக்குச் சாட்சியாகப் பட்டது. "கண்ணு மங்குது" என்று நீங்கள் சொன்ன காரணத்தையும் நான் நம்பவில்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எனக்கு முன்னால் படிப்பவர் நீங்கள்.

சண்டை எதுவும் போடவில்லை. எனக்கு அது வராது. சரிப்பா, இல்லப்பா, வரேன்ப்பா. ஒன்பது வருடம் இந்த மூன்று சொற்களில் உங்களோடு குடித்தனம் நடத்தினேன். தேனியில் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்து, ஊர்ப்பட்ட புத்தகங்களைப் படித்தேன். யார் எதை எதற்காக மறைத்தார்கள் என்று அவற்றில் தேடுவதுதான் என் பழக்கமாகிப்போனது. அம்மா சொல்வாள், "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? சாமி கும்புடப் போனாலும் வெளக்குல எண்ணெய் இருக்கான்னு பாக்குறவ."

இதற்கிடையில் அந்தத் தூக்குச்சட்டி. பதிமூன்று பெண்கள் வந்து தங்கள் சட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அலுமினியம், கைப்பிடியில் நீல நைலான் கயிறு சுற்றியது.

"யாருதுப்பா இது?"

"வருவாக."

பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போதெல்லாம் அதை நீங்களே எடுத்துத் தேய்த்து, அதே இடத்தில் வைப்பீர்கள். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

போன சித்திரையில், நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், அம்மா காபி வாங்கப் போயிருந்தபோது என்னைப் பார்த்தீர்கள். "ஏதாச்சும் கேக்கணுமா பாப்பா?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நான் சூசையம்மா. ராயப்பன்பட்டி. அண்ணன் வண்டியில தோட்டத்துக்குப் போன ஆளு. அண்ணன் போயிட்டாகன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். என் சட்டி ஒண்ணு இங்கன இருக்கு."

எடுத்து வந்து கொடுத்தேன். நைலான் கயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"அண்ணன் எறங்குனாக தாயி. நடுப்பாலம் வரைக்கும் நடந்து போனாக. திரும்பி வந்து, 'முட்டிக்குக் கீழ ரெண்டு விரக்கடைதான் மிச்சம் இருக்கு, வேணாம், தண்ணி வடியட்டும்'னாக."

"அப்புறம் எதுக்குப் போனாக?"

"எனக்குப் பிள்ளை பொறந்து மூணு மாசம். விடிய பால் குடுத்துட்டுப் போனது. நெஞ்சு கல்லாக் கட்டிக்கெடக்கு, ஜாக்கெட்டு நனைஞ்சுபோச்சு. நான்தான் மொதல்ல வாயத் தொறந்தேன். 'ஒனக்கு மாரு இருந்தால்ல தெரியும்'னேன். அண்ணேன்னு கூப்புட்ட வாயி. அதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சாளுக. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாளுக. 'முன்னாடி போன வண்டிக்காரனெல்லாம் ஆம்பள, இவரு மட்டும் மஞ்சத் தேச்சுக் குளிச்சவரு'ன்னா ஒருத்தி. அண்ணன் நேரா வண்டிக்குப் போயி ஸ்டார்ட் பண்ணிட்டாக."

சூசையம்மா கொஞ்ச நேரம் சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"பாறை மேல வச்சு நாங்களாப் பேசிக்கிட்டோம். தண்ணி திடீர்னு வந்துச்சுன்னு சொல்லிருவோம்னு. நாங்கதான் போகச் சொன்னோம்னு தெரிஞ்சா வீட்டு ஆம்பளைக மறுபடி மலைக்கு விடுவாகளா? அண்ணன்கிட்ட கேட்டோம். 'நீங்க என்ன வேணா சொல்லுங்க ஆத்தா. ஓட்டுனது நான்'னாக. ஹெலிகாப்டர் வந்ததும், என்னைய மொதல்ல ஏத்தச் சொல்லிக் கையக் காட்டுனதும் அவுகதான்."

கைக்குழந்தையின் தாயை முதலில் தூக்கிய வீரர்களின் பரிவு என்று அன்றைய செய்தித்தாளில் எழுதியிருந்தது. அந்த வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"இத்தனை வருசமா ஏன் வரல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து சட்டி கேக்க? ஒரு தடவ சந்தையில எதுருக்க வந்தாக. 'சட்டி பத்திரமா இருக்கு'ன்னாக. அம்புட்டுத்தான்."

செத்தவர்களைப் பற்றி நல்லது சொல்ல வருபவர்களை நான் நம்புவதில்லை. அதுவும் ஒருவகைக் கைதட்டல்தான். அதனால் கேட்டேன்: "ரெண்டு விரக்கடைன்னு சொன்னது நிச்சயமா? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுக மகதான் நீ. இம்புட்டுச் சந்தேகத்த மடியில கட்டிக்கிட்டு இருந்தவ, ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்ல? பதினாலு பேரு இருந்தோமே. நாங்க எங்கயும் ஓடிப்போயிறலையே."

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போனார். நான் வாசலிலேயே நின்றேன். அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

ஒன்பது வருடமாக நான்தான் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அளந்திருக்கிறேன், அப்பா.

ஆனாலும் உங்களைச் சும்மா விட மனம் வரவில்லை. நீங்கள் இறங்கிப் பார்த்தீர்கள். ஆழம் தெரிந்தது. தெரிந்த பிறகும் வண்டியை எடுத்தீர்கள். ஒரு கேலிக்கா? ஒரு தாயின் நனைந்த ஜாக்கெட்டுக்கா? இறங்கவே இல்லை என்று நினைத்திருந்தபோது உங்கள்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது இரவிலும் பகலிலும் அந்த ஜீப்புக்கு முன்னால், நனைந்த கால்களோடு, பதினாலு பேர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். ஓட்டினது நான் என்று பாறைமேல் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. மைதானத்தில் கேட்ட அந்த வீரரிடமாவது சொல்லியிருக்கலாம். உள்ளங்கை உரிய உரியத் தூக்கியவருக்கு மாலையை விட அந்தப் பதில் பெரிதாக இருந்திருக்கும்.

அம்மா கூடத்தில் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். டிவியில் மீண்டும் மீண்டும் அதே கயிறு, அதே கைதட்டல். படத்துக்கு வெளியே யாரோ குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சூசையம்மா சொன்னதை நான் முழுதாக நம்பிவிடவில்லை. உங்கள் மகள் வேறு எப்படி இருப்பாள்? மற்ற பதிமூன்று பேரில் எட்டுப் பேரின் ஊர் எனக்குத் தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை, நூலகம் கிடையாது. முதல் வீடு பொட்டிப்புரத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும், வழியில் வாய்க்கால் ஒன்று இருக்கிறது, இந்த மழைக்கு அதில் தண்ணீர் ஓடும் என்கிறார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், அப்பா.