மதியச் சோற்றில் வைத்த மாத்திரை

என் சின்னக்குருவிக்கு,

நீ அங்கே நலமாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவைத் தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதுவும் நல்லதுதான்.

உன் அம்மாவும் நானும் பேசி எட்டு வருஷம். அன்று சிலிண்டர் போட வந்தவன் முன்னால், "உங்க மகனை நான் பாத்துக்கறேன், நீங்க உங்க மூலையில இருங்க" என்றாள். புதன்கிழமை, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். இங்கேயும் அப்படித்தான். மதியம் என் முறை, மற்ற நேரம் அவள். வாசலில் தூக்குச்சட்டி கைமாறும், வாய் திறக்காது.

உன் அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றிய அன்று பழைய டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "ரத்தம் உறையாம இருக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாதும்மா." இந்த முறை காய்ச்சலோடு சேர்த்தபின், அந்த மாத்திரை அட்டை வீட்டு அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. புருஷன் மருந்தைக்கூட மறந்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. சோற்று உருண்டைக்குள் வைத்து நானே ஊட்டினேன். கண்ணைத் திறக்காமலே விழுங்கினான்.

மூன்று நாளாய் ஈறில் ரத்தம். அழுத்திப் பல் தேய்த்திருப்பான் என்று நினைத்தேன். இன்று ஊட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டான். டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது.

பெரிய டாக்டர் வந்து உன் அம்மாவிடம் பேசியபோதுதான் எனக்கே தெரிந்தது. இதயத்தின் உள்பக்கம் கிருமி ஏறி வீங்கியிருக்கிறதாம். இப்போது அந்த மாத்திரை உள்ளே போனால் மூளையில் ரத்தம் கசியலாமாம். சேர்த்த அன்றே நிறுத்தச் சொன்னாராம். "அப்புறம் ஏன் ரத்தம் இவ்வளவு நீர்த்துப் போயிருக்கு?" என்றார். மாத்திரையால் என்றால் முறிக்க ஊசி இருக்கிறதாம். உன் அம்மா உன்மேல் சத்தியம் செய்தாள், ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று. அவள் பொய் சொல்லவில்லை. வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை டாக்டர் அறைக் கதவுவரை போனேன். திரும்பி இந்தப் படிக்கே வந்துவிட்டேன்.

கண்ணு, படித்ததும் உன் அம்மாவைக் கூப்பிடு. பதினொரு மாத்திரை, கடைசி ஒன்று இன்று மதியம். கிழவிதான் கொடுத்தாள் என்று டாக்டரிடம் சொல்லச் சொல். அவள் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும், முதலில் டாக்டர் ஊசியைப் போடட்டும்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் அப்பாவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி