எண்ணெய் ஆலையில் ஊதிய ரயில்

இன்று காலை காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். சவுக்கார வாசனையையும் தாண்டிக் கரிப்புகை வாசனை அப்படியே நிற்கிறது. உன்னைப் போல் கல்லில் அடித்துத் துவைக்க எனக்கு வராது. ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சட்டையை மோந்து பார்த்தே நான் எந்த எஞ்சினை ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்வாய். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வாய்.

இதை எழுத உட்கார்ந்தவன் அதற்குள் பலமுறை எழுந்து நடந்துவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பது உனக்குத் தெரியாததா.

கண் பரிசோதனையில் நான் தோற்ற அந்த வாரம் நினைவுக்கு வருகிறது. யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தூரத்தில் காட்டிய சின்னச் சிவப்பு விளக்கு எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது, எஞ்சின் ஷெட் ஸ்டோரில் எண்ணெய் அளந்து கொடுக்கலாம் என்றார்கள். நேற்றுவரை எனக்குக் கரி அள்ளிப் போட்டவன் குவளையை நீட்ட, நான் ஊற்றிக் கொடுப்பதா? வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேறு தொழிலும் தெரியாது. கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தேன்.

பூசைக்குப் போன இடத்தில், திருவொற்றியூர்க் கடலை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று நீதான் கேட்டு வந்தாய். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். இடத்தைவிட்டு நகராத எஞ்சினோடு நான் என்னத்தைச் செய்ய?

"வண்டிதானேயா போச்சு," என்றாய். "நெருப்பும் தண்ணியும் எங்க போச்சு? அது ரெண்டும் உனக்குத் தெரிஞ்ச மாரி அங்க எவனுக்குத் தெரியும்?"

சேர்ந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி. ஆலைக்குப் பின்தெருவிலேயே குடிவந்தோம். நெருப்பை எங்கே கிளற வேண்டும், தண்ணீரை எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் கை தானாகச் செய்தது. அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தும் விட்டது.

ஒருநாள் காலை எஞ்சினின் தோல் பட்டை அறுந்து வேலை நின்றிருந்தது. தைத்து முடித்து, "வுடலாம்" என்று குரல் கொடுத்தார்கள். ரயிலில் ஊதாமல் எந்த டிரைவரும் சக்கரத்தை நகர்த்த மாட்டான். நானும் நீராவியைத் திறக்கும் முன், தலைக்கு மேல் தொங்கிய கயிற்றை இழுத்தேன். ஒரு நீளம், ஒரு குட்டை. அது ஆலைச் சங்கு. பகலில் அது ஊதினால் சாப்பாட்டு நேரம். கடலை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். எதிர் ஓட்டலில் இலை போட்டுவிட்டார்கள். மணி பத்தரைகூட ஆகவில்லை.

முதலாளி தெற்கத்திக்காரர். "என்னவே, வண்டி எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டார். ஆலையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

வாசலில் நீ நின்றாய். தெருவே அதைச் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்தபோது, அந்த நீளமும் குட்டையும் என் கை என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. தலையைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தாய்.

"இன்னாயா, வெளிய வந்துகினு கீறே?"

"எனக்கு இது ஒத்துவராது. வா, வூட்டுக்குப் போலாம்."

நீ சமாதானம் சொல்லவில்லை. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாய். "உள்ள நெருப்பு எரிஞ்சிகினு கீதே. தண்ணி மட்டத்த யாரு பாக்கறாங்க?"

யாரும் இல்லை. அடுத்த நொடி நான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன். பாய்லரின் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கியிருந்தது; இன்னும் இறங்கினால் பாய்லரே வெடித்துவிடும். பம்பை முடுக்கிவிட்டு, அது ஏறும்வரை கண்ணை எடுக்காமல் நின்றேன். முதலாளி வந்து பார்த்தார். மாதம் முடியும்வரை காத்திராமல் அந்த வாரமே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம்தான் நீ சிரித்தாய். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "கை அரிச்சா கயித்தத் தொடாதே. வாயால சொல்லு. டூட்டிக்குக் கெளம்பறப்போ எங்கிட்ட சொல்லுவியே, அத்தச் சொல்லிட்டுத் தொற" என்றாய்.

அன்றிலிருந்து நீராவியைத் திறக்கும் முன் "போயிட்டு வரேன்" என்கிறேன். உடன் நிற்கும் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது நான் சொல்ல மறந்தால் அவர்களே நினைவுபடுத்துகிறார்கள்.

போன ஐப்பசியில், நான் ஆலையில் இருந்த ஒரு முற்பகலில், நீ அடுப்படியில் சரிந்துவிட்டாய். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர் ஊராகப் போய்வந்தவன் நான். ஒருநாளும் உன்னிடம் சொல்லாமல் கிளம்பியதில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். நானோ தினமும் உன்னிடம் சொல்லிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.