ஆரணியின் நேர்த்தி

புரட்டாதி, செவ்வாய்க்கிழமை

காலையில் எழுந்ததும் மாமனாரின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். இன்று அவர் கண் திறக்கவே இல்லை. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் அனுப்பியபோதே எங்களுக்கு விளங்கியதுதான்.

பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஆரணி, அப்பப்பாவின் அறைப் பக்கம் போகவில்லை. தேடினால், சீருடையோடு அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருந்து அழுகிறாள்.

"அம்மா, என்னாலைதான் அப்பப்பா வருத்தம் கூடி எழும்பாமல் கிடக்கிறார்."

"என்ன விசர்க்கதை?"

"நேற்று மிதுலாவின்ரை பிறந்தநாளுக்கு ஐஸ்கிறீம் தந்தவை. ஒரு கரண்டிதான் சாப்பிட்டனான். பிள்ளையார் கண்டிட்டார் போல."

"இல்லையடி குஞ்சு, அவர் கோவிக்கமாட்டார்" என்றேன்.

பிள்ளையாருக்கு அந்த நேர்த்தியை வைக்கச் சொன்னதே நான்தான். அப்பப்பா எழும்பும்வரை ஐஸ்கிறீமைத் தொடாமல் இரு, பிள்ளையார் சுகமாக்குவார் என்றேன். அவர் எழும்பமாட்டார் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவள் தினமும் கேட்ட கேள்விகளிலிருந்து தப்புவதற்காக, அவருடைய உயிரை ஏழு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விட்டிருக்கிறேன். இவ்வளவு படித்தும் எனக்கு வந்த புத்தி இது.

நாளை அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டேன். ஆரணியின் அப்பாவிடம் சொன்னால் "பிள்ளை பயந்திடும்" என்பார், அதனால் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் என்றும், அப்பப்பா சாகப்போகிறார் என்றும் அவளிடம் சொல்வேன். பிறகு அவர் பக்கத்தில் இருத்தி, பஞ்சை அவள் கையில் கொடுப்பேன்.