முதற் காரணம்

மாத்தளை,
வெள்ளிக்கிழமை, 1973

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. பிள்ளைகள் சுகம். ஆடு குட்டி போட்டிருக்கிறது.

இன்று ஏழாம் வகுப்பில், அமெரிக்காவில் குடியேறியவர்கள் இங்கிலாந்து அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பாடம். வரி, தேயிலை, பட்டாளம் என்று காரணங்களைப் பலகையில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே, 'அவர்களைக் கேட்காமலே அவர்களைப் பற்றி முடிவெடுத்தார்கள்' என்று எழுதினேன்.

கமலாட்சி எழுந்து நின்றாள். "தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு இத்தன பேரு, இலங்கைக்கு இத்தன பேருன்னு ரெண்டு அரசாங்கமும் பங்கு போட்டாங்களே டீச்சர், நம்மள யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலம்மா" என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கண்டியிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து உங்கள் பெயருக்குத் தபால். நாம் இந்தியா போக நீங்கள் கொடுத்த விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதாம். பிரதியும் வைத்திருந்தார்கள். என் கையெழுத்துக்கான இடத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்கள், என் எழுத்தைப் போலவே வளைத்து.

அந்த இரண்டு அரசாங்கத்துக்கும் என் முகம் தெரியாது. நீங்கள் பதினோரு வருஷம் என்னோடு வாழ்ந்தவர். சட்டைத் துணி எடுக்கக்கூட என்னிடம் நிறம் கேட்பீர்களே, இதைக் கேட்க வாய் வரவில்லையா?

நாளை நாலந்தா ஊர் வேலையிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது இந்தக் கடிதம் உங்கள் பெட்டியின் மேல் இருக்கும். உங்கள் துணிகளைத் துவைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கிவிட்டேன். உங்கள் துணிகளை மட்டும்.

காரணங்கள் முடிந்துவிட்டன. திங்கட்கிழமை விளைவுகள் நடத்த வேண்டும்.

இந்தத் தடவை தன் கையாலேயே ஒப்பமிடும்,
உங்கள் மனைவி