எலும்புக்கு ஒரு டாக்டர், முகத்துக்கு ஒரு டாக்டர்

14-7-2010
ஆறாம் வகுப்பில் போர்டில் எழுதும்போது சாக்பீஸ் மறுபடி நழுவியது. காலையில் விரல்களை மடக்கவே முடிவதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். "சிக்குன்குனியா மிச்சம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே இல்லை. ரெண்டாயிரத்து ஆறில் தெருவே முடங்கிக் கிடந்தபோது வீடு வீடாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் நான். சொன்னேன். காதில் வாங்கினால்தானே.

23-9-2010
ஸ்டாஃப் ரூமில் லலிதாம்பிகை டீச்சர், "மூஞ்சில என்ன அமராவதி, யாராச்சும் அறைஞ்சிட்டாங்களா?" என்று கேட்டார். ரெண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்திருந்தன. வெயில் சூடு என்று சொல்லி வைத்தேன். வீட்டில் மாமியார் பவுடர் டப்பாவை நீட்டினார். "நல்லா அப்பிக்கினு போ. பாக்கறவங்க எம்புள்ளையத்தான தப்பா நெனப்பாங்க." அத்தைக்குக் கவலை பிள்ளையைப் பற்றி.

5-2-2011
ரத்தப் பரிசோதனையில் ஏதோ லேசாகக் காட்டுகிறதாம். சிக்குன்குனியா போய் இப்போது முடக்கு வாதம். மாத்திரையில் வயிறு எரிகிறது, விரல் அப்படியேதான் இருக்கிறது. அடிக்கடி காய்ச்சல் வருகிறதே என்றேன். "அது வேற, அதுக்கு ஜெனரல் டாக்டரப் பாருங்க."

19-4-2011
தோல் டாக்டரிடம் போனேன். இன்றைக்கென்று பார்த்து முகம் அடங்கிக் கிடந்தது. மங்கு என்று க்ரீம் எழுதிக் கொடுத்தார். விரல் வலியைச் சொல்ல வாயெடுத்தேன். "அதுக்கு எலும்பு டாக்டர் இருக்காரில்ல?" இருக்கிறார். எலும்புக்கு ஒருத்தர், முகத்துக்கு ஒருத்தர். ரெண்டையும் சுமந்துகொண்டு அலைகிறவள் மட்டும் ஒருத்தி.

2-8-2011
சீப்பு நிறைய முடி. அண்ணத்தில் புண், ஆனால் வலியே இல்லை. என் வீட்டுக்காரர் அன்புமணி, "உனக்கு தெனம் ஒண்ணு" என்கிறார். ஆமா, ஆசைப்பட்டு வாங்கிகினு வந்தேன் பாரு! சோம்பேறின்னு நேரா சொல்லிட வேண்டியதுதானே.

6-1-2012
தானே புயல் அடித்து ஒரு வாரம். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வெயிலில் நின்று நின்று முகம் எரிகிறது. கால் வீங்கிவிட்டது. சிறுநீர் நுரை நுரையாகப் போகிறது — இது என்ன புதுசாக? கூரைத் தகடு பறந்த வழியாக மழை கொட்டி, பவுடர் டப்பா களியாகிவிட்டது. இங்கே எந்தக் கிளினிக்கும் திறக்கவில்லை. நாளைக்குச் சிதம்பரம் போகலாம் என்கிறார் அன்புமணி.

7-1-2012
சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் விரலை நீட்டினேன். டாக்டர் கார்த்யாயினி முகத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். "கன்னத்துல இருக்கு, மூக்கோர மடிப்புல இல்ல. வெயில்ல போனா ஜாஸ்தி ஆவுதா?" ஆகிறது. வாயைத் திறக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே.

"முடக்கு வாதம் இத்தன நாள் இருந்தா பெரும்பாலும் எலும்ப அரிச்சிருக்கும். உங்களுக்கு அரிக்கல. எலும்பு டாக்டர் இந்த மூஞ்சியப் பாக்கலையா?"

அவரிடம் போகும்போதெல்லாம் பவுடர் போட்டிருந்தேன் என்றேன். டாக்டர் அன்புமணியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

லூபஸாக இருக்கலாமாம். நம் உடம்பின் காவலே நம்மைத் தாக்குகிற வியாதி. "இது நாலு வியாதி மாதிரி வேஷம் போடும். ஒரு டெஸ்ட்ட மட்டும் வெச்சு நானும் சொல்ல மாட்டேன்" என்று ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எழுதினார்.

19-1-2012
லூபஸ்தான். சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. "போன வருஷமே வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் நிறுத்திக்கொண்டார். பஸ்ஸில் அழுதேன். வியாதிக்காகவா? இல்லை. நான் சொன்னதெல்லாம் நிஜம் என்று ஒரு ரிப்போர்ட் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே. அந்த ஆத்திரம்.

2-7-2012
விரல் மடங்குகிறது. சிறுநீரில் புரதம் இன்னும் போகிறது. மாத்திரையை நிறுத்தவே கூடாதாம். அந்த மாத்திரையில் முகம் உப்பிவிட்டது, சிவப்பும் கொஞ்சம் மீதி இருக்கிறது. காலையில் புதுப் பவுடர் டப்பாவைத் தேடினேன். அத்தை அதைப் பக்கத்து வீட்டு கேரம் போர்டுக்குக் கொடுத்துவிட்டாராம். "இப்படியே போ. எவ கேட்டாலும் சொல்லு" என்று குடையைக் கையில் திணித்தார்.

ஸ்டாஃப் ரூமில் லலிதாம்பிகை டீச்சர், "அந்த வெயில் சூடு இன்னும் போகலையா?" என்றார்.

"வெயில் சூடு இல்ல டீச்சர். லூபஸ்."

"அப்படின்னா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்க நேரம் இருந்தது.